வெளிச்சம் ஒழுகும் பெட்டி

போன மாதம் செல்வராஜ் போன் செய்தான். தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு மேஸ்திரியாக நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கிடக்கும் பழைய தொலைநோக்கியைச் சரிசெய்து தரும்படி தலைமையாசிரியை கேட்டாராம். பட்டறைக்குத் தூக்கி வந்து பார்த்திருக்கிறான்.

"மாமா, பொட்டி என்னா வேலன்றீங்க! நாலு மூலையும் நூல் புடிச்சாப்புல இருக்கு. ஆனா பின்பலகையில எவனோ ரம்பத்த வச்சுக் கொதறித் தள்ளியிருக்கான். மூணு ஓட்ட. ஒண்ணுகூட வட்டமில்ல. பக்கத்துல நீலப் பென்சில்ல கிறுக்கல் வேற. புதுப் பலக போட்டு அடைச்சிரட்டுமா?"

"தொட்டுராத" என்றேன். "அந்த எவன் நான்தான்."

 "நீங்களா மாமா? குடிச்சிருந்தீகளா?" என்று கேட்டான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். எழுதி அனுப்புகிறேன், படித்துவிட்டுப் பலகையில் கை வை என்று சொல்லி போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தபின்தான் தெரிகிறது, அந்த மூன்று ஓட்டையைச் சொல்ல வேண்டுமானால் தேயிலைப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று.

எங்கள் எஸ்டேட் உடும்பஞ்சோலைப் பக்கம். என் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைச் செடி கவாத்து வெட்ட மலையேறி வந்தவர். எனக்குக் கவாத்துக் கத்தி வாகாக வரவில்லை, உளி வந்தது. இருபது வயதில் தொழிற்சாலைப் பட்டறையில் சேர்ந்தேன். அன்றைக்கெல்லாம் தேயிலை போவது பிளைவுட் பெட்டியில். ஆறு மெல்லிய பலகை, மூலைக்குச் சட்டம், விளிம்புக்குத் தகரப் பட்டை, உள்ளே சுற்றிலும் அலுமினியத் தாள். ஒரு பெட்டியை அடிக்க எனக்கு முதலில் அரை நாள் ஆனது. இரண்டு வருடத்தில் பேசிக்கொண்டே அடிக்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது. இப்போது காகிதச் சாக்கு வந்துவிட்டது. நல்லது, என் இடுப்பைக் கேட்டால் பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லும்.

இந்த மலையில் தேயிலைக்கு முதல் எதிரி பனிமூட்டம். பெட்டியில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். போனால் தேயிலை பூத்து, வாசம் செத்துப்போகும். அதனால் எங்கள் டீ மேக்கர் ஒரு சோதனை வைத்திருந்தார். டீ மேக்கர் என்றால் தொழிற்சாலை முழுவதற்கும் பொறுப்பானவர், எங்களுக்குக் கடவுளுக்கு அடுத்த படி. அவர் பெயர் நாச்சிமுத்து. பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னையும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம்.

சோதனை இப்படி. தினம் காலையில் புதுப்பெட்டிகளில் பத்துக்கு ஒன்றை அவரே கைகாட்டுவார். அதை ஜன்னல் இல்லாத ஸ்டோர் அறைக்குத் தூக்கிப் போவோம். உள்ளே ஒரு மின்சார பல்பை எரியவிட்டு மூடியை அறைந்து, கதவைச் சாத்துவோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இருட்டில் பெட்டியை நாலு பக்கமும் சுற்றி வருவார். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். எங்காவது வெளிச்சம் ஒரு பொட்டு ஒழுகினால் கதவைத் திறக்கச் சொல்லி, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான். திட்டு கிடையாது. ஒழுகாவிட்டால் காதில் செருகியிருக்கும் நீலப் பென்சிலை எடுத்து அடிப்பலகையில் ஒரு டிக் போடுவார். அந்த டிக்குக்காக நான் என்ன பாடுபட்டேன் என்று என் மனைவி புஷ்பத்தைக் கேட்டால் சொல்வாள். கனவில் பல்பு எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பேச்சு எங்களுக்கு வேடிக்கை. மற்ற அதிகாரிகள் எல்லாம் எங்களை 'டேய்' என்று கூப்பிட்ட காலம். இவர் விறகு அள்ளிப் போடுகிறவரைக்கூட 'ஏனுங்க' என்பார். அதைவிட ஆச்சரியம், எது தப்பினாலும் முதலில் தன் கையைத்தான் பார்ப்பார். ஒருமுறை ஒரு லாட் தேயிலை புகை வாசம் அடிக்கிறது என்று ஏலத்திலிருந்து திரும்பி வந்தது. அடுப்புக்காரரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி மேனேஜர் குதித்தார். நாச்சிமுத்து சார் கையைக் கட்டிக்கொண்டு, "மோந்து பாத்து அனுப்புனது நானுங்க. அன்னைக்கு எனக்குச் சளி. சொல்லாம உட்டது என் தப்புங்க" என்றார். அடுப்புக்காரர் வேலையில் நின்றார். அந்த ஆளுக்கு எதிரில் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது என்று நான் நினைத்திருந்தேன். எனக்கே வந்தது, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், மழைக்குப் பட்டறையில் ஒதுங்கியிருந்தபோது சார் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் எஸ்டேட் அதிகாரிகளின் கிளப்பிலிருந்து எடுத்து வந்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் ஒரு படம். பீரங்கி மாதிரி நீளமான மரப்பெட்டி, இன்னொரு மரத்தொட்டிலில் சாய்ந்து கிடந்தது.

"மேஸ்திரி, இது தொலைநோக்கிங்க. இரும்பு கிரும்பு ஒண்ணும் வேண்டாம், பிளைவுட்லயே செஞ்சுபோட்டிருக்காங்க. கண்ணாடிய நான் தேச்சுக்கறனுங்க. பொட்டிய நீங்க அடிச்சுக் குடுப்பீங்ளா?"

"எதுக்கு சார் இது?"

அவர் சிரித்தார். "எனக்கு ஏழரைச் சனி நடக்குதுன்னு ஊர்ல சோசியரு சொல்லிப்போட்டாருங்க. அண்ணன் போயிட்டாரு, கெணறு வத்திருச்சு, எல்லாத்துக்கும் சனிதானாமா. இத்தன பேச்சு வாங்கறவரு யாருன்னு மூஞ்சிய ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க."

அண்ணன் போனபின் நிலத்தைப் பார்க்க ஆளில்லை. அடுத்த மார்ச் மாதத்தோடு வேலையை விட்டு ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குள் முடிய வேண்டும். ஊருக்குப் போனால் நிலமும் கிணறும்தான், இதற்கெல்லாம் கை ஒழியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொச்சியில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து வட்ட ஜன்னல் கண்ணாடி இரண்டு வாங்கி வந்தார். ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம். ஒன்றை, கல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாய் மேல் பொருத்திக் கொடுத்தேன். அதன்மேல் சாணைக்குப் போடும் கருந்தூளும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கண்ணாடியை வைத்து இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். ஆறு தேய்ப்புக்கு ஒரு தரம் மேல் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், தானும் பீப்பாயைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். இப்படி மாதக்கணக்கில் தேய்த்தால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது மேடாகும். குழிந்ததுதான் நமக்கு வேண்டியது. தினம் வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரம் தேய்ப்பார். கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிற பெண்கள் நின்று பார்த்து, "டீ மேக்கரு பீப்பாச் சாமியச் சுத்துறாரு, என்ன நேர்ச்சையோ" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவரும், "வேண்டுதல் பெருசுங்க, நீங்களும் ரெண்டு சுத்து வர்றீங்ளா?" என்பார்.

தூள் வர வர நைசாகும். கடைசியில் தார் மாதிரியான கீல் பூசிய தட்டில், தங்க வேலைக்காரர்கள் மெருகு போடும் சிவப்புத் தூளை வைத்துத் தேய்த்தார். ஜனவரியில் ஒரு விளக்கையும் சவர பிளேடையும் வைத்துக் கண்ணாடியின் வளைவைப் பார்த்தார். எட்டு மாதம் தேய்த்த மனுஷன், பிளேடுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "வந்திருச்சுங்க, வந்திருச்சுங்க" என்று இரண்டு தரம் சொன்னார். அதைப் போடியில் ரசம் பூசுகிற கடைக்குக் கொண்டு போனோம். முன்பக்கம் பூசு, மேலே சிவப்புச் சாயம் அடிக்காதே என்று சொன்னதைக் கடைக்காரர் நம்பவே இல்லை. "சாயம் அடிக்காட்டி ரசம் ஒரு வருசம் நிக்காது, எங்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது" என்று எழுதி வாங்காத குறையாகத்தான் பூசிக் கொடுத்தார்.

இதற்கிடையில் என் பெட்டி. ஒடிந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகள் பட்டறையில் மலையாகக் கிடந்தன. அவற்றை மூன்று மூன்றாக ஒட்டினேன், ஒன்றின் ரேகை மற்றதற்குக் குறுக்கே போகிற மாதிரி. வச்சிரப் பசை இந்த ஊர்ப் பனிக்கு நிற்காது என்று செயற்கைப் பசைத்தூள் வரவழைத்தேன். ஏழரை அடி நீளத்தில் சதுரக் குழாய். ஏழரைச் சனிக்கு ஏழரை அடி என்று சார் கேலி செய்தார். கிளப்பில் தேய்ந்துபோன கிராமபோன் தட்டு ஒன்றைத் தொட்டிலுக்கு அடியில் வைத்தேன், அதன்மேல் பெட்டி ஒரு விரலுக்குத் திரும்பியது. பெட்டியின் வாய்ப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்வாக வைத்து, அதற்கு எதிரே பக்கவாட்டில், கண் வைக்கும் துளையில், பழைய பைனாகுலரின் வில்லை ஒன்றைப் பொருத்தினேன்.

இனிதான் என் கெட்டிக்காரத்தனம். யாரும் சொல்லாமல், பெட்டியின் உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டினேன். கண்ணாடி உட்காரும் பின்பக்கத்தை ஒரு பலகையால் இறுக மூடி, விளிம்புக்குத் தகரப் பட்டை அடித்தேன். பெட்டி என்றால் அப்படித்தான், வேறு மாதிரி அடிக்க என் கைக்குத் தெரியாது. முடித்ததும் நானே அதை ஸ்டோர் அறைக்குத் தூக்கிப் போய், பல்பைப் போட்டு, வாயையும் கண் வைக்கும் துளையையும் மூடி, சாரைக் கூப்பிட்டேன். அவர் ஏழரை அடியும் சுற்றி வந்தார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மேனேஜரை வரவழைத்து, "இந்த மலையில இப்புடி ஒரு பொட்டி யாரும் அடிச்சதில்லீங்க" என்று சொல்லி, பின்பலகையில் நீலப் பென்சிலால் டிக் போட்டார். நான் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பனியில் பலகை உப்பிவிடக் கூடாதே என்று பெட்டியைக் கண்ணாடியோடு டிரையர் அறையில் வைத்தேன். தேயிலை காய்கிற அறை, தொழிற்சாலையிலேயே வெதுவெதுப்பான இடம். கட்டி முடித்த தேயிலைப் பெட்டிகளை அங்கே பக்கத்தில்தான் அடுக்குவோம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு, விறகு அடுக்குகிற திடலுக்கு நாலு பேர் அதைத் தூக்கி வந்தோம். தலைக்கு மேல் அரை நிலா. சார் முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒதுங்கி என்னைப் பார்க்கச் சொன்னார். நிலா பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் பால் கலந்த தண்ணீருக்கு அடியில் கிடந்தது, ஓரமெல்லாம் நெளிந்தது. கிழக்கே சனியைத் தேடிப் பிடித்தோம். வளையம் கிளையம் ஒன்றும் இல்லை, மஞ்சளாக ஒரு கொழகொழப்பு, அவ்வளவுதான். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கதை.

வியாழக்கிழமை அவர் சொன்னார். "கண்ணாடி தப்பிப்போச்சுங்க மேஸ்திரி. வளைவு சரியா வர்லீங்க. நான்தான் அவசரப்பட்டுப்போட்டேன். ஞாயித்துக்கெழம ரசத்த அழிச்சுப்போட்டு மறுக்காத் தேக்கறனுங்க."

"மார்ச்சுக்குள்ள முடியுமா சார்?"

"முடியாதுங்க" என்றார். "உட்டுப்போட்டுப் போறதுக்கு, தேச்சுப் பாத்துட்டாவது போலாமுங்க."

அவருக்காகக் கண்ணாடியை வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் டிரையர் அறைக்குப் போய்ப் பின்பலகையின் திருகுகளைக் கழற்றினேன். பலகை விலகியதும் உள்ளேயிருந்து சூடான காற்று என் முகத்தில் அடித்தது. கண்ணாடியைத் தொட்டேன். இப்போதுதான் டீ குடித்து வைத்த கிளாஸ் மாதிரி சுட்டது. அப்படியே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே டிரையர் புகைபோக்கி தெரிந்தது. அதற்குப் பின்னால் நிற்கிற சவுக்கு மரங்கள், தினமும் நெளிகிறபடி நெளிந்துகொண்டிருந்தன. சூட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது நெளியும். இதைப் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சூட்டோடு கண்ணாடியைப் பெட்டியில் அடைத்து, குளிரில் கொண்டு வைத்து, உள்ளே இருக்கிற சூடு வெளியே போக ஒரு துளிகூட வழி வைக்காமல் தகரப் பட்டை அடித்தவன் நான். நிலா வெளிச்சத்தை உள்ளே அங்குமிங்கும் தெறிக்கவிட்டுப் பாலாக்கியது என் அலுமினியத் தாள். கண்ணாடியில் குற்றம் இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். "பொட்டிக்குள்ள எல்லாஞ் சரியா இருந்துச்சுங்ளா?" என்று கேட்டார். "இருந்துச்சு சார்" என்றேன். மேனேஜர் முன்னால் என் பெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

 மறுநாள் சனிக்கிழமை, என்ன விஷயம் என்று புஷ்பம் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசன் அடுப்புக்காரருக்காக மேனேசருகிட்டத் தலையக் குடுத்தாரு. இப்ப ஒங்க பொட்டிக்காக எட்டு மாசத்து வேலையத் திராவகத்துல ஊத்தப் போறாரு. நீங்க மூலையில ஒக்காந்து பொட்டி மானத்தக் காப்பாத்துறீகளாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் யாரிடமும் நின்று பேசவில்லை. நேராக அவர் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். வராந்தாவில் எனாமல் தட்டில் கண்ணாடி மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் திராவக பாட்டில், மூடி திறந்திருந்தது. அவர் கையில் பஞ்சு.

"சார், அத விடுங்க சார். கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. என் பொட்டிதான் சார் தப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்து மெல்லச் சிரித்தார். "எம்மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. ஒங்க பொட்டியில தப்பு இருக்காதுங்க. பல்பு போட்டு நானே பாத்தனுங்களே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று பயந்து போனேன். என்னை நம்பித் தொலைப்பார் என்று நினைக்கவில்லை. சூடு, புகைபோக்கி, சவுக்கு மரம் எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன்.  அவர் பஞ்சைக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் குடுங்க சார்" என்று கெஞ்சினேன். பாட்டிலின் மூடியை நானே தேடி எடுத்து மூடினேன். அதன்பின்தான் எழுந்தார்.

பட்டறையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, பின்பலகையைப் பெஞ்சில் பிடித்து வைத்தேன். காம்பஸ் வைத்து வட்டம் போடலாமே என்று தோன்றவே இல்லை. வளைவு ரம்பத்தை எடுத்து அறுத்தேன். ஓட்டை ஒன்று, இரண்டு, மூன்று.  மூன்றாவது ஓட்டை அவர் போட்ட டிக்குக்கு மேலேயே போனது. துண்டு கீழே விழுந்தபோது அவர், "அய்யோ" என்றார். உள்ளே ஒட்டிய தாளை எல்லாம் கிழித்து எடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைச் சாயத்தை வாங்கி வந்து உட்புறம் அடித்தேன். மூன்று மணிக்கெல்லாம் பெட்டியையும் கண்ணாடியையும் திடலில், கூரை நிழலில், குளிரக் குளிர வைத்தேன். சாயம் சரியாகக் காயக்கூட இல்லை, கிட்டே போனால் நெடி அடித்தது.

ஏழு மணி இருக்கும். கிழக்கே நிலாவுக்குக் கொஞ்சம் தள்ளி சனி நின்றது. அவர் ஒரு விறகுக் கட்டையில் ஏறிக் கண்ணை வைத்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு விடுகிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க மேஸ்திரி" என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமல். "இவரயா இத்தன நாளாக் கொற சொன்னோம்?"

அவர் ஒதுங்கியதும் நான் பார்த்தேன். சின்ன மஞ்சள் உருண்டை. அதைச் சுற்றி வளையம், நடுவில் கருப்பாக இடைவெளி விட்டு, தனியாக நின்றது. அழுதேன். புஷ்பம் பார்த்தாள், விறகுக்காரர் பார்த்தார், கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பீப்பாச் சாமி வரம் கொடுத்துவிட்டது என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

மார்ச்சில் அவர் கிளம்பினார். தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். அதற்கு முந்தின வாரம், நல்ல பலகை ஒன்றில் காம்பஸ் வைத்து மூன்று வட்டம் சுத்தமாக வெட்டி, பழைய பின்பலகையை மாற்ற எடுத்துப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, காதிலிருந்த நீலப் பென்சிலை எடுத்தார்.

செல்வராஜ், மேலே வார்னிஷ் அடி, தொட்டிலை இறுக்கு, கண்ணாடிக்குப் புது ரசம் பூசிக்கொள். அதெல்லாம் உன் இஷ்டம். கோணல் ஓட்டைக்குப் பக்கத்தில் நீ கிறுக்கல் என்று சொன்னாயே, அது அன்றைக்கு அவர் மறுபடி போட்ட டிக். என் வேலையில் வெளிச்சம் ஒழுகியும் அவர் பாஸ் செய்த பெட்டி அது ஒன்றுதான்.